4 ஜிபியிலிருந்து 16க்கு: திங்க்பேட் எக்ஸ்260ஐ வீட்டிலேயே திறந்து ரேம் மாற்றியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லெனோவோ திங்க்பேட் எக்ஸ்260 வைத்திருந்து, இன்னும் 4 ஜிபி ரேமோடு (திறந்திருக்கிற வேலைகளை மெஷின் தற்காலிகமாக வைத்துக்கொள்கிற மெமரி) மல்லுக்கட்டிக்கொண்டிருந்தால், புது லெப்டொப்புக்கென்று சீட்டுப் பிடிக்க ஓடவேண்டாம். 16 ஜிபியில் ஒரு ரேம் வாங்கிப் போடுங்கள், போதும். 8 வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன். திறந்து மாற்றுவது ஒரு பிளேன்டீ ஆறுவதற்குள் முடிகிற வேலைதான். அதற்கு முன்னால் விசாரிக்கவேண்டியதை விசாரிக்கத்தான் நேரம் பிடிக்கும்.

நான் மஸ்கெலியாப் பக்கம் வீட்டில் இருந்தபடியே டைப்செட்டிங், டிசைன் வேலை செய்கிறவள். கல்யாணக் கார்ட், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ், கருமாதிப் பத்திரிகை எல்லாம் வரும். டிசம்பர் உந்துவப் போயாவில் சிவனொளிபாதமலை சீசன் தொடங்கினால் வெசாக் வரைக்கும் நல்லதண்ணிப் பாதையில் கடை போடுகிறவர்களின் பேனர்களும் சேர்ந்துகொள்ளும். இதெல்லாம் தவணை சொல்லிச் செய்யலாம். மரண அறிவித்தல் அப்படியல்ல. இரவு பத்து மணிக்கு வட்ஸ்அப்பில் ஒரு மங்கலான அடையாள அட்டைப் படம் வரும். விடிவதற்குள் ஃபைல் ஹட்டனில் அச்சடிக்கிறவர் கைக்குப் போயாக வேண்டும்.

அந்த நேரத்தில் பார்த்துத்தான் இந்த லெப்டொப் உறைந்துபோகும். ஃபோட்டோஷொப்பில் ஆறடிக்கு மூன்றடி பேனர் ஒன்று திறந்திருக்கும். பக்கத்தில் குரோமில் வட்ஸ்அப் வெப், ஜிமெயில், அப்புறம் யூனிகோட்டை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவுக்கு மாற்றுகிற ஒரு பக்கம். ஆட்கள் விபரத்தைப் போனில் யூனிகோட்டில் அடித்து அனுப்புகிறார்கள். என் பழைய ஃபோட்டோஷொப்போ யூனிகோட் தமிழைக் கண்டால் கொம்பைப் பிய்த்து எழுத்துக்குப் பின்னால் போட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு வரியையும் பாமினிக்கு மாற்றித்தான் ஒட்டவேண்டும். குரோமுக்கும் ஃபோட்டோஷொப்புக்கும் இடையே போய்வரும் ஒவ்வொரு தடவையும் திரை வெள்ளையாகி, 'நொட் ரெஸ்பொண்டிங்' என்று மேலே எழுதி நிற்கும்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் மெமரி 90 சதவீதத்துக்கு மேல், டிஸ்க் 100ஐத் தொட்டுக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நோய்தான். ரேமில் இடமில்லாதபோது விண்டோஸ் அப்போதைக்குத் தேவைப்படாததைத் தூக்கி டிஸ்க்கில் ஒரு ஃபைலில் எழுதிவைக்கிறது. நாம் மறுபடி அந்தப் பக்கம் போனால் அதை எடுத்துவந்து, இதைக் கொண்டுபோய் வைக்கிறது. இந்த ஏற்றி இறக்கும் வேலையில்தான் நம் நேரம் போகிறது. உங்கள் லெப்டொப்பில் இன்னும் பழைய சுற்றுகிற ஹார்ட் டிஸ்க் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு முதலில் எஸ்எஸ்டி, அதாவது சுற்றாமல் சிப்பிலேயே பதிகிற டிஸ்க், போடுங்கள். அந்த மாற்றம் இதைவிடப் பெரியது. எனக்கு எஸ்எஸ்டி முன்னமே போட்டாயிற்று. அதனால்தான் 4 ஜிபியோடு இவ்வளவு காலம் ஓட்ட முடிந்தது என்றும் சொல்லலாம்.

டவுனில் ஒரு கடையில் காட்டினேன். பெயர் வேண்டாம். கவுண்டரில் இருந்த பிள்ளை மெஷினைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "மிஸ், இது பழைய மொடல். இதுக்கு ரேம் வராது. போட்டாலும் வேலையில்ல. இத எக்ஸ்சேஞ்சுக்குக் குடுத்துட்டு புதுசு ஒன்னு எடுங்க, தவணையில தாறோம்" என்றார். அவர் காட்டிய புதுசு இரண்டு லட்சத்துக்கு மேல். அதிலும் 8 ஜிபிதான்! எக்ஸ்260 வெளிவந்தது 2016இல். பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் போகிற டிடிஆர்4 என்ற தலைமுறை ரேம், அதற்குப் பிறகு பல வருஷம் எத்தனையோ கம்பனி லெப்டொப்புகளில் போட்ட அதே சாதாரண ரேம். அது 'வராது' என்று சொல்வதற்குக் காரணம் வேறு.

சரி, விசாரிப்பு. இதில்தான் ஆட்கள் பணத்தை விடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாக.

முதலில் உங்கள் மெஷினில் ரேம் கழற்றுகிற மாதிரி இருக்கிறதா, போர்டோடு வைத்து ஈயம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பர்ஃபோமன்ஸ், அதில் மெமரி. கீழே 'ஃபோம் ஃபெக்டர்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'சோடிம்' (லெப்டொப்பில் செருகுகிற சின்ன ரேம் அட்டை) என்று இருந்தால் கழற்றிப் போடலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ஈயம் பிடித்த ரேம். அந்த வரிக்குப் பக்கத்தில் ஸ்லொட், அதாவது ரேம் செருகுகிற இடம், எத்தனை என்றும் காட்டும். அதை மட்டும் நம்பாதீர்கள், சில மெஷின்களில் இல்லாத ஸ்லொட்டையும் எண்ணிச் சொல்லும். லெனோவோ ஒவ்வொரு திங்க்பேட்டுக்கும் பழுதுபார்க்கிறவர்களுக்கான மேனுவல் ஒன்றை இலவசமாகவே வலையில் போட்டிருக்கிறது. எந்த ஸ்க்ரூ எங்கே, எதை எந்த வரிசையில் கழற்றவேண்டும் என்று படம் போட்டிருப்பார்கள். இங்கிலீஷ் குறைவாக இருந்தாலும் படம் புரியும். நான் போனில் இறக்கி, திறக்கிற நேரம் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

எக்ஸ் வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. எக்ஸ்250, எக்ஸ்260, எக்ஸ்270 மூன்றையும் மூடி மேசையில் வைத்தால் எது எதுவென்று சட்டென்று பிடிக்க முடியாது. ஆனால் 250இல் போவது டிடிஆர்3எல். 260இலும் 270இலும் டிடிஆர்4. ஒன்று மற்றதில் போகவே போகாது. டிடிஆர்3 சோடிமுக்கு 204 பின், டிடிஆர்4க்கு 260 பின், நடுவில் வெட்டியிருக்கும் பள்ளமும் வேறு இடத்தில். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்3எல்லுக்கு 1.35 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2. 'திங்க்பேட் எக்ஸ் ரேம்' என்று பொதுவாகக் கேட்டு வாங்கினால் கைக்கு எது வருமோ தெரியாது. மெஷினுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மொடல் பெயரைப் படம் எடுத்து விற்பவருக்கு அனுப்புங்கள். இன்னும் நல்லது, இப்போது உள்ளே இருக்கும் ரேமின் ஸ்டிக்கரையே படம் எடுத்து அனுப்புவது.

எக்ஸ்260இல் ஒரேயொரு ஸ்லொட். லெனோவோ சொல்கிற உச்சம் 16 ஜிபி. 8 வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். இரண்டு ஸ்லொட் உள்ள லெப்டொப்பில் பழைய 4ஐ வைத்துக்கொண்டு பக்கத்தில் இன்னொன்று போடலாம். இங்கே அது நடக்காது. போடுவது எதுவோ அது மட்டும்தான். இன்றைக்கு 8 போட்டு அடுத்த வருஷம் போதவில்லை என்றால் அந்த 8ஐக் கழற்றி அலுமாரியில் வைக்கவேண்டியதுதான். ஒரே ஸ்லொட் என்பதால் மெமரி ஒரு வழியாகத்தான் போய்வரும். இரண்டு போட்டால் கிடைக்கிற இரட்டைப் பாதை கிடைக்காது. கேம் விளையாடுகிறவர்களுக்கு அது குறைதான். எனக்குக் கார்டில் பூ வைக்கவும் பேனரில் பெயர் அடிக்கவும் அதனால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ரேமை 2025 ஓகஸ்டில் வாங்கினேன். கொழும்பில் வேலை செய்கிற தம்பி, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி, பாவித்த சாம்சங் ஒன்றை 11,500 ரூபாவுக்கு எடுத்தான். ஒரு மாத வாரண்டி, கடைக்காரர் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால். அதை அவன் வட்ஸ்அப்பில் காட்டியபோது ஸ்டிக்கரைப் பெரிதாக்கிப் படித்தேன்: 16 ஜிபி, 2ஆர்எக்ஸ்8, பிசி4-2400டி.

இந்த எழுத்துகளைப் பார்த்து மிரளவேண்டாம், அவை பிரயோசனமானவை. பிசி4 என்றால் டிடிஆர்4. 2400 வேகம். எக்ஸ்260இன் ப்ராசஸர் 2133 வரைக்கும்தான் போகும். 2400 போட்டால் தானாகவே 2133க்கு இறங்கி ஓடும், கெடுதல் இல்லை. 2ஆர்எக்ஸ்8தான் எனக்குப் பிடித்தது. 2ஆர் என்றால் இரண்டு வரிசை, எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம்; ஒரு வரிசைக்கு 64 பிட் வேண்டும் என்பதால் வரிசைக்கு எட்டு சிப். ஆகவே 16 ஜிபி என்று ஸ்டிக்கர் சொன்னால் கையில் எடுத்து எண்ணினால் பெரிய கறுப்புச் சிப் பதினாறு இருக்கவேண்டும், ஒரு பக்கத்துக்கு எட்டு. தம்பியை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, எண்ணிய பிறகுதான் காசு கொடுக்கச் சொன்னேன். "அக்கா, கடைக்காரர் சிரிக்கிறார்" என்று எழுதினான். சிரிக்கட்டும்.

ரேம் பஸ்ஸில் ஹட்டன் வந்து சேர்ந்தது. வாங்கும்போது பார்க்கவேண்டியது அந்தத் தங்கநிற ஓரம். கருத்தோ சுரண்டியோ இருந்தால் திருப்பிக் கொடுங்கள். பென்சில் ரப்பரால் தேய்த்துச் சுத்தம் செய்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. ரப்பர் துகள் ஸ்லொட்டுக்குள் போய் உட்கார்ந்தால் அது வேறு தலைவலி. பஞ்சில் கொஞ்சம் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்டுத் துடைத்துக் காயவிட்டால் போதும்.

இனித் திறப்பது.

எக்ஸ்260க்கு இரண்டு பெட்டரி. பின்னால் கழற்றுகிற பெட்டரி கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று உள்ளே, முன்பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. பின்பெட்டரியைக் கழற்றி, சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து ரேமில் கை வைத்தால் போர்டுக்கு ஆபத்து. உள்பெட்டரி அப்போதும் உயிரோடு இருக்கும். அதற்கு லெனோவோ ஒரு நல்ல வழி வைத்திருக்கிறது. மெஷினைப் போட்டவுடன் எஃப்1 தட்டி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால் வருகிற அமைப்புப் பக்கமான பயோஸுக்குள் போங்கள். கொன்ஃபிக், அதற்குள் பவர், அதில் 'டிசேபிள் பில்ட்-இன் பெட்டரி'. யெஸ் கொடுத்ததும் மெஷின் தானாக அணைந்துவிடும். சார்ஜர் குத்தியிருந்தால் அதை முதலில் எடுத்திருக்கவேண்டும். பிறகு பின்பெட்டரியைக் கழற்றுங்கள். மறுபடி சார்ஜரைக் குத்தும் வரைக்கும் அந்த உள்பெட்டரி விழிக்காது. இந்த ஒரு வசதிக்காகவே நான் திங்க்பேட்டுக்கு ஒரு நட்சத்திரம் கூடப் போடுவேன்.

அடிப்பக்கத்து ஸ்க்ரூக்கள் எல்லாம் சாதாரண பிளஸ் தலை. சின்ன ஸ்க்ரூ டிரைவர் ஒன்று போதும், ஆனால் தலைக்குச் சரியாக உட்காருவதாக இருக்கட்டும். கடகடவென்று ஆடுகிற மலிவு டிரைவர் தலையைத் தேய்த்துவிடும். கழற்றினாலும் ஸ்க்ரூ வெளியே விழாது, மூடியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். கட்டிலுக்கடியில் தேடுகிற வேலை இல்லை. ஸ்க்ரூ விட்ட பிறகும் மூடி சுற்றிவரப் பிளாஸ்டிக் கொக்கிகளில் பிடித்திருக்கும். அதற்குக் கத்தி வேண்டாம். முடிந்த ரீலோட் கார்ட் ஒன்றை இடுக்கில் செருகி மெதுவாக நகர்த்தினால் டிக், டிக் என்று ஒவ்வொன்றாக விடும். முதல் சத்தத்துக்கு நெஞ்சு ஒரு தடவை நின்றுதான் போகும். அது உடைகிற சத்தமில்லை.

உள்ளே திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது ரேம் இல்லை, தூசி. எங்கள் வீடு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே. சலிக்கிற பகுதியிலிருந்து பறக்கிற பழுப்புத் தூசி ஃபேனின் இறக்கைகளில் கம்பளிபோல் படிந்து கிடந்தது. புது பெயின்ட் பிரஷ் ஒன்றால், ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தட்டி எடுத்தேன். ரேம் மாற்றத் திறக்கிற சாக்கில் இதையும் செய்துவிடுங்கள்.

ரேமைத் தொடுவதற்கு முன்னால் சுவெட்டரைக் கழற்றிவைத்துவிட்டு உலோகம் எதையாவது ஒரு தடவை தொடுங்கள். நான் செய்தது ஓகஸ்ட் மழையில், காற்றே ஈரம், அவ்வளவு பயமில்லை. ஆனால் தை மாதத்துப் பனியில் இரவில் சுவெட்டரைக் கழற்றும்போது பொறி தட்டுவதை நம் பக்கத்தில் எல்லாரும் பார்த்திருப்போம். அந்தப் பொறி நமக்கு ஒன்றும் செய்யாது, சிப்புக்குச் செய்யும்.

பழைய ரேமின் இரண்டு பக்கமும் இரண்டு சின்ன உலோகக் கைகள் பிடித்திருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் வெளிப்பக்கமாக நகத்தால் தள்ளினால் ரேம் தானாகவே ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்விலேயே உருவி எடுக்கவேண்டும். புதியதையும் அதே சாய்வில், பள்ளம் பொருந்துகிறதா என்று பார்த்துச் செருகுங்கள். தங்க ஓரம் ஏறத்தாழ முழுவதும் உள்ளே மறையவேண்டும்; பாதி வெளியே தெரிந்தால் இன்னும் உள்ளே போகவில்லை. அதன் பிறகுதான் கீழே அமுக்கவேண்டும். இரண்டு கைகளும் 'கிளிக்' என்று பிடிக்கும். ஓரத்தைப் பிடியுங்கள், சிப்பின்மேல் விரலை வைத்து அமுக்காதீர்கள்.

மூடியைப் பொருத்தி, பின்பெட்டரி போட்டு, சார்ஜர் குத்தி, சுவிட்சைத் தட்டினால், முதல் தடவை திரை கறுப்பாகவே நிற்கும். புது ரேமை மெஷின் பழகிக்கொள்கிற நேரம் அது. பொறுமையாக இருங்கள், அவசரப்பட்டு அணைக்கவேண்டாம். அப்புறம் எஃப்1 தட்டி பயோஸின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். இன்ஸ்டோல்ட் மெமரி 16384 எம்பி.

பாவித்த ரேம் என்பதால் அதோடு விடவில்லை. ரேமில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, இரவு படுக்கப்போகும்போது ஓடவிட்டேன். 16 ஜிபிக்கு மணிக்கணக்காக எடுக்கும். நடுவில் கரண்ட் போனாலும் பெட்டரி இருப்பதால் கவலையில்லை. காலையில் ஒரு பிழைகூட இல்லை. வாரண்டி நாட்களுக்குள் இதைச் செய்துவிடுவது முக்கியம். பிறகு கடைக்காரரிடம் போய் நின்றால் பேச்சுத்தான் மிஞ்சும்.

பாவனையில் என்ன மாற்றம்? பேனரும் குரோமும் சேர்ந்து திறந்திருந்தால் இப்போது மெமரி பாதியைச் சுற்றித்தான் நிற்கிறது. இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனால் உடனே போகிறது, அவ்வளவுதான். திரை வெள்ளையாவது நின்றுவிட்டது. ஆனால் எதிர்பார்க்கக்கூடாததையும் சொல்லவேண்டும். மெஷின் ஏறுகிற நேரம் முன்பு போலத்தான், அது எஸ்எஸ்டியின் வேலை. பெரிய பேனரை ஜேபெக்காக எழுதும்போது ப்ராசஸர் அதே பழைய இரண்டு கோர்தான், அதற்கும் ரேம் மருந்தில்லை. பெட்டரி நேரம் கூடவுமில்லை, கண்ணில் படுகிற அளவுக்குக் குறையவுமில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு எங்கள் பக்கம் கரண்ட் போய்க் கிடந்தபோது இரண்டு பெட்டரியும் பழையபடியே தாக்குப்பிடித்தன. டிஸ்க்கில் மட்டும் கொஞ்சம் இடம் போகும்: ஹைபர்னேட்டுக்கென்று விண்டோஸ் ஒதுக்குகிற ஃபைல் ரேமின் 40 சதவீத அளவு, அதாவது 16க்கு ஆறரை ஜிபியைத் தொடும். 120 ஜிபி எஸ்எஸ்டி உள்ளவர்கள் கவனியுங்கள்.

இன்னொரு குறை ரேமால் தீராதது. எக்ஸ்260இல் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது எட்டாம் தலைமுறையிலிருந்து. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்துத் தருகிறார்கள், நான் அதில் பதிந்துகொண்டேன். அதன் பிறகு லினக்ஸா, வேறு மெஷினா என்று அப்போது பார்த்துக்கொள்ளலாம். 11,500 ரூபாவுக்கு இந்த இடைக்காலம் எனக்கு லாபம்தான்.

இப்போது வாங்கப்போகிறவர்களுக்கு அந்த விலை கிடைக்காது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளுகின்றன. செய்கிற கம்பனிகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. குரூஷியல் என்ற பெயரில் நம்மைப்போல் சில்லறையாக வாங்குகிறவர்களுக்கு ரேம் விற்றுவந்த மைக்ரோன், அந்த வியாபாரத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. பாவித்த ரேமுக்கும் அதே சூடு. இந்த நேரத்தில் 16க்குக் காசு முட்டவில்லையென்றால், எக்ஸ்260காரர்கள் 8 வாங்குவதைவிடக் கொஞ்சம் காத்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

புது மெஷின் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. என் சின்னம்மா மகன் பொகவந்தலாவையிலிருந்து வந்து என் எக்ஸ்260ஐப் பார்த்துவிட்டு, இதைவிடப் புதிது என்று எக்ஸ்280 ஒன்றை எடுத்தான். மெல்லிசு, அழகு, எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஓடும். 8 ஜிபி ரேம். "அக்கா, உன்னோடத மாதிரி இதுக்கும் 16 போட்டுத் தா" என்று கொண்டுவந்து வைத்தான். டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன்: ரோ ஆஃப் சிப்ஸ். எக்ஸ்280இலிருந்து லெனோவோ இந்தச் சின்ன வரிசையில் ரேமைப் போர்டிலேயே பிடித்துவிட்டது. அவனுடைய 8 என்றைக்கும் 8தான். பாவித்த லெப்டொப் வாங்கப் போகும்போது கடையிலேயே அந்த வரியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

கழற்றிய 4 ஜிபி ரேம் வீணாகவில்லை. பக்கத்தில் டியூஷன் நடத்துகிற மாஸ்டரிடம் எச்பி எலைட்புக் 820 ஜி3 இருக்கிறது. அதுவும் இதே பன்னிரண்டரை அங்குலம்தான், ஆனால் உள்ளே டிடிஆர்4க்கு இரண்டு ஸ்லொட். ஒன்றில் 8 இருந்தது, மற்றது காலி. அதில் என் 4ஐப் போட்டதும் 12 என்று காட்டியது. அளவு வேறு வேறாக இருந்தாலும் இன்டெல் மெஷின்கள் சமாளித்துக்கொள்ளும். காசு வேண்டாம் என்றேன். மறுநாள் ஒரு கொத்து லீக்ஸ் வந்தது. காலி ஸ்லொட்டுக்கு இன்னொரு 8 வாங்கினால் என்ன என்று இப்போது கேட்கிறார். விலை இறங்கட்டும் மாஸ்டர் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.